வளையாத பதினாறு புஷ்ராடுகள்

பெயர்: ஆர்லோ ஸ்டக்கி. வயது: 51. தொழில்: பந்தயக் கார் எஞ்சின் மெக்கானிக். முகவரி: 14, மில் ரோடு, கெல்லர்ஸ்வில், இண்டியானா. நாள்: 17.07.1986, வியாழன், காலை 9.40. பதிவு செய்தவர்: துணை ஷெரிஃப் ட்வீடி.

நான் மேற்படி முகவரியில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். விபத்தில் அடிபட்ட கோரின் மேயஸ் என் மனைவியின் தங்கை. பால் வண்டி ஓட்டுபவர். சனிக்கிழமைதோறும் நம்மூர் கால் மைல் பந்தயத்தில் அவர் ஓட்டும் எட்டு சிலிண்டர் காரின் எஞ்சின் ஒன்பது வருடமாக என் கைவேலை. லாக்கப்பில் இருக்கும் டெல்மர் பூத் அவருடன் போட்டி போடுபவர்.

அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். புஷ்ராடு என்பது எஞ்சினுக்குள் வால்வைத் திறப்பதற்காக மேலும் கீழும் தள்ளும் மெல்லிய குழாய். அந்த எஞ்சினில் பதினாறு உண்டு. கியர் தவறி எஞ்சின் தறிகெட்டுச் சுற்றினால் முதலில் வளைவது அதுதான். கனமான குழாய் போடலாம் என்று நான் பலமுறை சொல்லியும் கோரின் ஒத்துக்கொள்ளவில்லை. “வளையறது வளையட்டும் ஆர்லோ. வீட்ல ஃப்யூஸ் போற மாதிரிதானே? இருபது நிமிஷத்துல மாத்திடலாம்” என்பார். தன் புஷ்ராடுகள் ஒவ்வொன்றிலும் அடையாளத்துக்குச் சிவப்பு நகப்பூச்சு வைத்திருப்பார்.

ஜூலை 5 அன்று பந்தயத்தில் இரண்டு புஷ்ராடு வளைந்து கோரின் தோற்றார். அதன் பிறகு ஹாட்டாக் கடை முன்னால் மேற்படி டெல்மர் எல்லோர் காதிலும் விழும்படி, “என்னப்பா ஆர்லோ, இன்னைக்கு எத்தனை நூடுல்ஸ் வெந்துச்சு? கொழுந்தியாளுக்கு எஞ்சின் கட்டித் தர்றியா, சாப்பாடு கட்டித் தர்றியா?” என்று கேட்டார். கோரினே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, “போன மாசம் அந்த நூடுல்ஸ்கிட்டதான் மூணு தடவை தோத்தே” என்றார். டெல்மருக்கு முகம் சிவந்து, “அடுத்த வாரம் நீ ஃபினிஷ் கோட்டையே தொட மாட்டே, பாரு” என்றார். அது வாய்ச்சவடால். டெல்மருக்கு வாய்தான் நீளம். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு ஜூலை 10, வியாழன் மதியம், ஆயில் மாற்றுவதற்காக கார் என் ஷெட்டில் நின்றது. கோரின் பால் வண்டியோடு வெளியே போயிருந்த நேரத்தில் பதினாறையும் கழற்றிவிட்டு, சுவர் தடித்த புதிய குழாய்களைப் பொருத்தினேன். நீளமும் சுற்றளவும் ஒன்றுதான். கையில் எடுத்தால் கனம் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கோரினிடம் சொல்லவில்லை. ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். டெல்மர் வாயை அடைப்பதற்காகச் செய்தேன், வேறு காரணம் இல்லை. ஒன்றைப் பலப்படுத்தினால் அடுத்து உடையப்போவது எது என்று பார்க்க வேண்டும். இதை எத்தனையோ பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று வால்வையும் ஸ்பிரிங்கையும் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 12 காலையில் டெல்மர் ஸ்பேனர் கேட்டு வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தது உண்மை. நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் எதையும் தொடவில்லை.

அன்று மாலை 4.10 மணிக்குப் பாதித் தூரத்தில் கோரினுக்கு மூன்றாவது கியர் விழாமல் எஞ்சின் அலறியது. பழைய குழாயாக இருந்தால் வளைந்து, எஞ்சின் திணறி, அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருப்பார். இது வளையவில்லை. வால்வு பிஸ்டனில் மோதி உடைந்து, எஞ்சின் பிளந்து, ஆயில் பின்சக்கரத்தின் அடியில் கொட்டி, கார் வழுக்கிச் சுவரில் மோதியது. நான் ஓடிப்போய் ஹெல்மெட்டைக் கழற்றினேன். இடது கால் நசுங்கிச் சிக்கியிருந்தது. “என்ன உடைஞ்சது ஆர்லோ?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். எனக்குத் தெரியும்.

அதன் பிறகு திங்களன்று நீங்கள் எஞ்சினைப் பிரித்தபோது நகப்பூச்சு இல்லாத புஷ்ராடுகள் கிடைத்து, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று டெல்மரைப் பிடித்தீர்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். செய்தி கேட்டபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

செவ்வாயன்று கோரினுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நேற்று ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “போலீஸ்கிட்ட சொல்லிட்டேன். அந்த புஷ்ராடுகளை நீதான் பார்க்கணும், வேற யாரையும் நம்ப மாட்டேன். அவன் என்ன பண்ணினான்னு நீ கண்டுபிடிச்சிடுவே” என்றார். அப்போதும் நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதை நினைத்தால் எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இன்று காலை நீங்கள் அழைத்தபடி வந்து, பதினாறையும் இந்த மேசைக் கண்ணாடியின்மேல் ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். பதினாறும் நேராக ஓடின. ஒன்றாவது வளைந்திருந்தால் கோரின் அன்று நடந்தே வீட்டுக்குப் போயிருப்பார். அதன் பிறகுதான் இதை எழுதிக்கொள்ளச் சொன்னேன். டெல்மர் பூத்மேல் குற்றமில்லை, விட்டுவிடுங்கள்.

யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். “தவறுதலாகப் பொருத்தினேன்” என்று ஓரிடத்தில் இருந்தது. “தவறுதலாக” என்பதை அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்தில் என் கையெழுத்து உள்ளது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) ஆர்லோ ஸ்டக்கி