தாம்போதியடி நல்ல தண்ணீர்

கதிரைகளை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போடுங்கள். சத்தமாகச் சொல்ல முடியாது. உள்ளே அப்புத்துரை அண்ணையின் உடலைச் சுற்றிப் பெண்கள் அழுது களைத்து இப்போதுதான் கண்ணயர்கிறார்கள். விடியும்வரை நாங்கள் விழித்திருக்க வேண்டும், வெறும் தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஆளையாள் பார்த்துக்கொண்டிருப்பது? கட்டுக்கதை என்று பல்லைக் காட்டுகிறவர்கள் இப்போதே எழும்பி அங்காலே போய்க் கடதாசிச் சீட்டு விளையாடலாம். வேலணையில் கராஜ் வைத்திருக்கிற ஜெகதீசை உங்களுக்குத் தெரியும்தானே? அவனுடைய மச்சான் லவனுக்கு நடந்தது இது. ஜெகதீஸ் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. பேய் இரவில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? உச்சி வெயில்... புங்குடுதீவிலிருந்து வேலணைக்கு வருகிற தாம்போதி. இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார் ரோட்டு. ஒரு மரம் இல்லை, ஒரு காகம்கூட இல்லை. அந்த ரோட்டில் லவன் புங்குடுதீவில் தன் ஊரான இறுப்பிட்டியிலிருந்து தனியாகக் காரில் வந்துகொண்டிருந்தான்.

அவனுடைய அவசரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவன் மனைவி துஷாந்தினி யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். நிறைமாதம். பிரஷர் ஏறிவிட்டது. அன்று பின்னேரம் ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். முதல் பிள்ளை அவர்களுக்குத் தங்கவில்லை. பிறந்தது, ஒரு முறை அழுதது, அவ்வளவுதான். அப்போது லவன் கட்டாரில். பாவம், அந்தப் பெண் தனியாகக் கிடந்து பட்டாள். அதனால் இந்த முறை, "நீங்கள் பக்கத்தில நிக்காட்டி நான் உள்ளுக்குப் போகமாட்டன்" என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். காலையில் உடுப்பு எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தவன், திரும்பிப் போகிற வழி இது.

தாம்போதியில் ஏறிக் கொஞ்சத் தூரம். ஒரு மணம். சீனி கருகுகிற மாதிரி... பார்த்தால், சூடு காட்டுகிற முள் சிவப்புக் கோட்டில் நிற்கிறது. பிறகு ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். பொனற்றின் இடுக்கால் வெள்ளை வெள்ளையாய் ஆவி.

காரை ஓரங்கட்டிவிட்டு ஜெகதீசுக்குப் போன் எடுத்தான். ஜெகதீஸ் அன்றைக்கென்று பார்த்துச் சாமான் வாங்கக் கிளிநொச்சிக்குப் போயிருந்தான்.

"உடன மூடியைத் திறந்துபோடாதையும், முகம் வெந்துபோம். நல்லா ஆறட்டும். பிறகு துணியைச் சுத்திப் பிடிச்சு மெல்லத் திறவும். தண்ணி வத்தியிருக்கும். நல்ல தண்ணி விடும், விளங்குதே? அவசரத்துக்குக் கடல் தண்ணியை விட்டீரோ, எஞ்சினைக் கறள் தின்னும், சொல்லிப்போட்டன்."

இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். காருக்கு விட ஒரு சொட்டு இல்லை. காரில் கிடந்த வெறும் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு லவன் வந்த வழியே நடந்தான். தாம்போதி முடிகிற இடத்தில் ஒரு வீடு. கேற்றில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. முற்றத்தில் கதிரைகள் வரிசையாய்... எல்லாம் வீட்டைப் பார்த்தபடி, எல்லாம் வெறுமை. சாம்பிராணி மணம். கண் கண்டது, புத்திக்கு ஏறவில்லை. அவனுக்கு மூளை முழுக்க அந்த முள்தான்.

கிணற்றடியில் ஒரு பெண் நின்றாள். கேட்டதும் பேசாமல் அள்ளி ஊற்றினாள். லவனும் இரண்டு கை ஏந்திக் குடித்தான். இளநீர் மாதிரி. கிணறெல்லாம் உவர்க்கிற புங்குடுதீவில், அதுவும் கடற்கரையோரம், இப்படி நல்ல தண்ணீரா என்று அவன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"எங்க போறீர் தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு அக்கா. மனிசிக்குப் பிள்ளை பிறக்கப் போகுது." கானை மூடினான், தோளில் வைத்தான், திரும்பினான். நன்றி மறக்காத பிள்ளை. வாய் தன்பாட்டில் சொன்னது. "நல்லது அக்கா, போட்டு வாறன்."

அவள் சட்டென்று கையைத் தூக்கினாள், அவன் வாயைப் பொத்த வருகிற மாதிரி. பிந்திவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து கன பேர் ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஓம்... வாரும்."

காரடிக்குத் திரும்பி வந்து தண்ணீரை விட்டான். ஸ்ராட் பண்ணினான். வண்டி ஓடியது. தாம்போதியின் நடுப்பகுதிக்கு வர முள் திரும்பவும் ஏறத் தொடங்கியது. நிறுத்தினான். தண்ணீர் அப்படியே நிறைய நிற்கிறது.

"ஃபான் சுத்துதோ?" என்று போனில் கேட்டான் ஜெகதீஸ்.

"சுத்துது."

"பெல்ற்?"

"இறுக்கமாத்தான் இருக்கு."

"ரேடியேற்றருக்குப் போற குழாய் ரெண்டையும் தொட்டுப் பாரும்."

"மேல் குழாய் சுடுது. கீழ் குழாய் பச்சைத் தண்ணி மாதிரி."

"அப்ப உள்ளுக்க தண்ணி சுத்தேல்லை. தெர்மோஸ்ராற் திறக்காமல் இறுகிப்போச்சு. அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு ஓடும்."

கழற்றினான். கை வெந்தது. அந்தச் சின்ன வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். முள் ஏறியது. வேறு வழி தெரியாமல் வண்டியைப் புங்குடுதீவுப் பக்கம் திருப்பினான். உடனே முள் இறங்கியது. வேலணைக்குத் திருப்பினால் ஏறுகிறது. தீவைப் பார்த்துத் திருப்பினால் இறங்குகிறது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். வண்டிக்கு ஒரே ஒரு திசைதான் பிடித்திருந்தது.

"அது சோளகக் காத்து," என்றான் ஜெகதீஸ். "வேலணைக்கு வரேக்க காத்து முதுகுப் பக்கம். ரேடியேற்றருக்குக் காத்துப் பிடிக்காது. அங்கால திருப்பினா முகத்தில அடிக்கும், ஆறும். வேற ஒண்டும் இல்லை."

லவன் கடலைப் பார்த்தான். கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. "காத்தே இல்லை, மச்சான்," என்றான். "அப்ப வண்டியை விட்டிட்டுப் போம்," என்றான் ஜெகதீஸ். தொழில் தெரிந்தவன் வண்டியை விடச் சொன்னால் அதுதான் பயம்.

பஸ்ஸில் ஏறிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பஸ் வந்தது. நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் விரித்தான். பஸ் அவனை உரசுகிற மாதிரித்தான் போனது, காற்று முகத்தில் அடித்தது. அந்த ரோட்டில் ஒரு மனிதனையும், ஒரு காரையும் தான் காணவில்லை என்று அந்தச் சாரதி பிறகு பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினார். நடந்து பார்த்தான். கொஞ்சத் தூரம் போக நெஞ்சு கொதித்தது. காருக்கு வந்த அதே சூடு. மூச்சு எடுக்க ஏலாமல் திரும்பி வந்து, காருக்குள் இருந்து ஸ்ரேறிங்கில் தலையை வைத்துச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அழமாட்டானா? அங்கே ஒருத்தி இவன் வருவான் என்று கதவைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள்.

தலையை நிமிர்த்தியபோது தூரத்தில் அந்த வீடு தெரிந்தது. வெள்ளைத் துணி... கதிரைகள்... சாம்பிராணி... அப்போதுதான் புத்திக்கு ஏறியது.

செத்தவீடு.

செத்தவீட்டில் "போட்டு வாறன்" என்று எவனாவது சொல்லுவானா? எழும்பி, பேசாமல், திரும்பிப் பாராமல் போக வேண்டும். வாறன் என்றால் இன்னொரு சாவுக்கு வாறன் என்று அர்த்தம். இவன் சொல்லிவிட்டான். அவர்களும் சரி என்றுவிட்டார்கள். சொன்ன சொல்லுக்கு ஒருமுறை போய் முகத்தைக் காட்டி, இந்த முறையாவது வாயைத் திறக்காமல் வெளியே வந்தால் விடுவார்களோ என்று நினைத்தான். வேறு என்ன செய்ய?

காரை அந்தப் பக்கம் விட்டான். முள் குளிரில் கிடந்தது.

இப்போது கதிரைகளில் ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் குனிந்தபடி. ஒருவரும் நிமிரவில்லை. கடைசிக் கதிரை ஒன்று வெறுமையாய் இருந்தது, போய் இருந்தான். அங்கிருந்து பார்க்க வீட்டின் உள்மண்டபம் தெரிந்தது. தலைமாட்டில் குத்துவிளக்கு எரிகிறது. வெள்ளை விரித்திருக்கிறது. மேலே யாரும் இல்லை... இனித்தான் ஆள் வர வேண்டும். அந்த வெள்ளையும் பெரிய ஆட்களுக்கு விரிக்கிற அளவில்லை. மடித்து மடித்து, ஒரு முழம் அளவில் விரித்திருந்தார்கள்.

எழும்பினான். நடந்தான். முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் குரல்.

"சொல்லாமலே போறீரோ, தம்பி?"

நாக்கைக் கடித்தான். வாய்க்குள் இரத்தம் உப்புக் கரித்தது. கேற்றுக்கு இன்னும் கொஞ்சத் தூரம். அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். துஷா. எடுத்தால் என்ன கேட்பாள் என்று அவனுக்குத் தெரியும். எங்கே நிற்கிறியள், வாறியளோ என்று கேட்பாள். அவன் என்ன சொல்லுவான்? அந்த ஒரு சொல்லைத்தான். அந்த முற்றத்துக்குள் நின்றுகொண்டு... போன் கைக்குள் அடித்து அடித்து நின்றது. அவன் எடுக்கவில்லை. மனைவியின் அழைப்பை எடுக்காமல் நின்ற அந்த நேரம் போல் வாழ்க்கையில் வேறொன்றும் தன்னைச் சுட்டதில்லை என்று ஜெகதீசிடம் சொல்லியிருக்கிறான்.

கேற்றைத் தாண்டியதும் திரும்ப அழைத்தான். அவளுடைய போன் நிறுத்தி வைத்திருந்தது. காரை எடுத்தான். தாம்போதி போனது, வேலணை போனது, பண்ணைப் பாலம் போனது. முள் நடுவில் நின்றது, அசையவில்லை. அடுத்த நாள் ஜெகதீஸ் பொனற்றைத் திறந்து பார்த்தானாம். ரேடியேற்றர் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. அதில் ஒரு நாளும் தண்ணீர் நின்ற தடயம் இல்லை.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்திருந்தது. பெண் பிள்ளை. சுகமாய், கையைக் காலை அடித்துக்கொண்டு கிடந்தது. லவன் கட்டில் ஓரத்தில் முழங்காலில் நின்று, "நான் சொன்னபடி வரேல்லை, துஷா, மன்னிச்சுக்கொள்" என்று அழுதான்.

அவள் அவன் தலையைத் தடவினாள். மயக்கம் இன்னும் முழுக்கத் தெளியவில்லை, ஆனால் முகத்தில் சிரிப்பு.

"ஏன் அழுறியள்? நீங்கள் வராமல் போகமாட்டன் எண்டுதான் நான் அடம்பிடிச்சுக்கொண்டு நிண்டனான். பிறகு உங்களுக்குப் போன் எடுத்தனான், அந்த அக்காதான் உங்கட போனில கதைச்சவா. தம்பி வெளிக்கிட்டிட்டார், நீர் பயப்பிடாமல் உள்ளுக்குப் போம் எண்டு சொன்னா. அந்தக் குரலைக் கேட்டாப் பிறகுதான் எனக்குப் பயம் போனது. பாவம், உங்களுக்குத் தண்ணியும் தந்தவாவாம். நான் சொன்னன், பெரிய உபகாரம் அக்கா, ஒருநாளைக்குப் பிள்ளையையும் கொண்டு வாறம் எண்டு." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "நல்ல சனம் என்ன... அங்க இருந்த எல்லாரும் சேர்ந்து சொல்லிச்சினம். ஓம், வாங்கோ எண்டு."