வாரம் ஒரு கார்டு

ஐயோ, எனக்கா கல்யாணம்? நல்லா கேட்டீங்க போங்க மாஸ்டர். அம்பத்திரண்டு வயசாச்சு. விரலைப் பாருங்க, எத்தனை தேய்ச்சாலும் மசி போகாது. இந்தக் கையை எவன் பிடிப்பான்? சும்மாதான், முகமும் பிடரியும் வழிச்சுக்கலாம்னு வந்தேன். நாளைக்குக் கல்யாணம்னு பொண்ணுங்க வருவாங்கல்ல, அவங்களுக்குப் பண்ற மாதிரியே பண்ணிடுங்க. காரணம் இருக்கு, சொல்றேன். நீங்க பாட்டுக்கு நுரையைப் போடுங்க. மேல் உதடு வரும்போது மட்டும் சொல்லுங்க, வாயை மூடிக்கறேன்.

உங்க பொண்ணு மினே இல்லீங்கறீங்க. செண்டாய்லயா? புருஷன் வீட்டுல? ஓ... சரி, சரி. பரவால்ல. இந்தப் பொட்டலம் அவளுக்குத்தான், கல்யாணப் பரிசு. அந்த மேசை மேலயே இருக்கட்டும்.

நான் யாருன்னா, சிரிக்கக் கூடாது. வாரப் பத்திரிகையில ஆறாம் நம்பர் சலூன்னு ஒரு மாங்கா, படக்கதை வருதே, கிஷினோ கான்சாகுன்னு ஒருத்தர் போடறாரே. அந்த ஒருத்தர் நான்தான். அட, பிரஷ்ஷு பிரஷ்ஷு! கீழ விழுது பாருங்க. நிஜமாத்தான் சொல்றேன். என் சொந்தப் பேரு தொமோயே. பையன்க பத்திரிகை பாருங்க, பொம்பளை பேரைப் போட்டா எவன் வாங்குவான்னு எடிட்டர் வெச்ச பேரு அது. மீசை வெச்ச ஆள்னு நினைச்சுட்டு எத்தனை பேர் லெட்டர் போட்டிருக்காங்க தெரியுமா. மினேவும் ஐயா, ஐயான்னுதான் எழுதுவா.

ஆமா, டோக்கியோவுக்குப் பத்தொம்பது வயசுல வந்தேன். ஒரு பெரிய ஆள்கிட்ட ஆறு வருஷம் எடுபிடி. அவர் முகம் வரைவாரு, நான் மழை வரையணும். நெசமாத்தாங்க. மழை, கூட்டம், இடிஞ்ச கட்டடம், இதுதான் என் வேலை. இப்பவும் மழை பேஞ்சா எனக்குக் கை வலிக்கும். அப்புறம் தனியா ஒரு ரோபோ கதை போட்டேன். படுத்துருச்சு. பேய் பிடிச்ச சுமோக்காரன்னு ஒண்ணு. அதை ஏன் கேக்கறீங்க, எங்கம்மாவே படிக்கல.

பத்திரிகை நடுவுல ஒரு கார்டு வெச்சிருப்பாங்கல்ல, எந்தக் கதை புடிச்சுது, எது புடிக்கலன்னு எழுதி அனுப்பறதுக்கு. அதுதான் எங்களுக்கு எமன். கார்டு கொறஞ்சா பத்தே வாரத்துல கடையைக் கட்டச் சொல்லிடுவாங்க. ரெண்டு கடை கட்டியாச்சா, மூணாவது இந்தச் சலூன் கதை. ஏன் சலூன்? வீட்டுக்கு எதுத்தாப்புல ஒண்ணு இருந்துச்சு, ஜன்னல்ல இருந்தே பாத்து வரைஞ்சுக்கலாம். அவ்வளவுதான். உள்ள ஒரு நாள் கால் வெச்சதில்ல. திமிரு!

முதல் மாசம் மொத்தம் பதினோரு கார்டு. அதுல ஒண்ணு மினேவோடது. பன்னெண்டு வயசு, இதே சகாத்தா ஊரு, எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி. உங்க கதை எனக்கு மூணாவதா புடிக்கும், எங்கப்பாவும் சலூன்தான், கதையில நாய் வந்தா முதலாவதா புடிக்கும். சந்தோஷத்துல அந்த வாரமே நாயைக் கொண்டாந்துட்டேன். அவளுக்குத் தனியா ஒரு நாய்ப் படமும் போட்டு அனுப்பினேன். அந்த நாய்தான் இன்னிக்கு வரைக்கும் என் குடும்பத்துக்குச் சோறு போடுது. குடும்பம்னா நானும் என் பூனையும்.

வாரம் தவறாம எழுதுவா. அந்தக் கோடைக்கு அப்புறம் ரெண்டு மாசம் வரல. மறுபடி வந்தப்ப பாத்தா எழுத்து குண்டு குண்டா, அச்சடிச்ச மாதிரி. நாய் பேச்சே இல்ல. கத்தி பிடிக்கறது தப்பு, சுண்டு விரலை எங்க வெச்சிருக்கீங்க? தோல் வார்ல தீட்டித் திருப்பறப்போ முதுகுப் பக்கமா திருப்பணும், கூர் பக்கமா திருப்பினா கத்தி பாழ். இப்படியே திட்டு. ஸ்கூல்ல யாரோ கண்டிப்பான வாத்தியார் வந்திருக்கார் போலன்னு நினைச்சேன். நான் ஒரு மக்கு.

அந்தத் திட்டுலதான் சவரம்னா என்னன்னே கத்துக்கிட்டேன். வருஷா வருஷம் கார்டுல வயசு ஒண்ணு கூடும். பதினேழுல, பரீட்சை கஷ்டம்னு ஒரு வரி. இருபதுல, இருபது நிறைஞ்சவங்களுக்கு நடத்தற விழாவுக்கு நீலக் கிமோனோ கட்டிட்டுப் போனேன்னு ஒரு வரி. மீதியெல்லாம் திட்டுதான்! ஒரு தடவை எங்க ஹீரோ, அம்மா செத்த சேதி கேட்டு அழுதுக்கிட்டே ஒருத்தருக்குச் சவரம் பண்ற மாதிரி ஆறு பக்கம் போட்டேன். ஊரே அழுதுச்சு. அந்த வாரம் நான்தான் முதல் இடம். மினே மட்டும், இது பொய், அழுகை வந்தா சவரக்காரன் முதல்ல கத்தியைக் கீழ வைப்பான், அப்புறம்தான் அழுவான்னு எழுதியிருந்தா. பதினாலு வயசு! எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

வாய் மூடணுமா? ம்.

ம்... ஆச்சா? நல்ல கை மாஸ்டர் உங்களுக்கு, கத்தி பட்டதே தெரியல.

மார்ச்ல கடைசிக் கார்டு. இருபத்திமூணு வயசு. கல்யாணம் ஆகப்போகுது, இனிமே எழுத நேரம் இருக்காது, இத்தனை வருஷம் நன்றி. அவ்வளவுதான். என்னால வரையவே முடியல. வேணும்னே ரெண்டு வாரம் ஹீரோ இடது கையில கத்தியைக் குடுத்துப் பாத்தேன். ஆயிரம் கார்டு வந்துச்சு, ஒருத்தரும் கண்டுபிடிக்கல. சரி, கதையை முடிச்சுக்கலாம்னுட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பாகம் குடுக்கணும். ஹீரோ தன் பொண்ணுக்கே கல்யாணத்துக்கு முந்தின நாள் பிடரி வழிக்கறாரு. அந்த ஒரு பக்கம் மட்டும் வெள்ளையா கிடக்கு. மினேவைக் கேக்கலாம்னுதான் ரயிலேறினேன்.

அவ செண்டாய்ல இருக்கான்னு நீங்க சொன்னப்போ நான் நாற்காலியில உக்காந்தாச்சு. இந்தக் கண்ணாடியில உள் ரூம் தெரியுது மாஸ்டர். கதவைச் சாத்த மறந்துட்டீங்க. செத்தவங்க படம் வெச்சுக் கும்பிடற சாமி அலமாரி தெரியுது. ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணு போட்டோ, பக்கத்துல நான் அனுப்பின நாய்ப் படம், வெயில்ல வெளுத்துப் போய். அவளுக்குப் பன்னெண்டு வயசுக்கு மேல இருக்காது. எப்படிப் பேச்செடுக்கறதுன்னு தெரியாமத்தான் இவ்வளவு நேரம் லொடலொடன்னு பேசிட்டிருந்தேன்.

அவ பேர்ல கார்டு எழுதினதுக்கு மன்னிப்பெல்லாம் எதுக்கு? நல்லாத்தானே வளத்தீங்க. பரீட்சை, கிமோனோ, கல்யாணம்னு எதுலயும் குறை வைக்கல. நானும் உங்க கூடச் சேந்து வளத்திருக்கேன், எனக்கே தெரியாம. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடலங்கறதுதான் எனக்குக் கோவம்.

போகும்போது பொட்டலத்தை அவகிட்டயே வெச்சுட்டு ஒரு ஊதுபத்தி ஏத்திட்டுப் போறேன். இப்போ பிடரி. மினேவுக்குப் பண்ற மாதிரியே பண்ணுங்க. அந்தச் சின்னக் கண்ணாடியை இப்படிச் சாய்ச்சு வைங்க, உங்க கை எனக்குத் தெரியணும். இந்தத் தடவையாவது தப்பில்லாம வரையறேன். குனிஞ்சது போதுமா? ம், ஆரம்பிங்க.

மாஸ்டர்?

ஓ. கத்தியைக் கீழ வெச்சுட்டீங்களா.

சரி. வைங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல, வெள்ளிக்கிழமைதானே.