அசைந்தவர்களைத் திரும்ப அழைத்த அம்மாவுக்கு

எங்கள் ஸ்கேன் அறையின் பொறுமையே! நிலைகொள்ளாத மனங்களுக்கு நிழலாய் நின்ற மருத்துவர் அம்மா! பணி நிறைவு பெறும் உங்களை மகிழ்ந்து வாழ்த்தத்தான் உட்கார்ந்தோம். மகிழ்ச்சி வரவில்லை; கோபம்தான் வருகிறது.

மனம் அலையும்போது மூளையில் விழித்திருக்கும் நரம்பு வலைப்பின்னல், வேலையில் ஊன்றும்போது அடங்க வேண்டும். கவனக் குறைபாடு உள்ள சிலருக்கு அது எளிதில் அடங்குவதில்லை. அந்த இழுபறி குழந்தையிடம் ஒரு விதமாகவும் நடுவயதில் வேறு விதமாகவும் இருக்கலாம் என்று எங்களுக்குப் புரியவைத்தவர் நீங்கள். ஆனால் ஸ்கேன் எடுக்கும்போது தலை அசைந்தால் படம் கலங்கும். கலங்கிய படத்தை ஆய்விலிருந்து கழித்துவிடுவது இத்துறையின் வழக்கம். அசையாமல் இருக்க முடியாதவர்களைப் பற்றிய ஆய்வில், அசைந்தவர்களையெல்லாம் கழித்துவிட்டு முடிவு எழுதினார்கள்! இதைவிட அநியாயம் உண்டா?

அப்படிக் கழிக்கப்பட்டவர்களில் ஒருவன் என் தம்பி; வரவேற்பு மேசையிலிருந்து எல்லோர் சார்பிலும் இம்மடலை எழுதுபவள் நான். "பெரியவங்களுக்கு இந்தக் கவனக் குறைபாடெல்லாம் வராதுங்க. உங்களுக்குப் பொறுப்பு பத்தல, அவ்வளவுதான்" என்று, சிகிச்சை கேட்டவனை அப்போதைய துறைத்தலைவர் திருப்பி அனுப்பிவிட்டார். "அக்கா, மெஷினுக்கே என்னைப் பிடிக்கல" என்று சிரித்துக்கொண்டே போனான். அந்த ஆண்டே ஒருநாள், சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் வண்டியை விட்டவன் வீடு திரும்பவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள்கூட, "அவன் எப்பவும் அப்படித்தானே" என்றார்கள். நீங்கள் மட்டும், "அவரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கணும்மா. நாங்க கூப்பிடல" என்றீர்கள்.

அதன் பிறகுதான் பெரியவர்களுக்கென வியாழக்கிழமைப் பிரிவைச் சண்டை போட்டு வாங்கினீர்கள். பேசினீர்கள், சிகிச்சை சொன்னீர்கள். ஆய்வுக்கு ஒப்பியவர்களை, ஓசை மட்டும் எழுப்பும் மாதிரி இயந்திரத்தில் படுக்கவைத்துப் பழக்கினீர்கள். "டாக்டரம்மா, உள்ள போனாலே மூக்கு அரிக்குதே!" என்று தையல்காரர் ஒருவர் அலறியபோது, "நல்லா சொறிஞ்சுட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிடல" என்றீர்கள்.

இப்போது உங்களோடு அந்தப் பிரிவுக்கும் ஓய்வு கொடுக்கிறதாம் நிர்வாகம். "வர்றவங்க கம்மி" என்கிறார்கள். வியாழன்தோறும் உட்கார இடமின்றி நடைவழியில் நிற்பவர்கள் யார் கண்ணிலும் படவில்லை போலும்!

அம்மா, நோயின்றி, கவலையின்றி நெடுநாள் வாழுங்கள். இந்தக் கவலையை எங்களிடம் விட்டுவிடுங்கள். உங்களிடம் பயின்ற இளைய மருத்துவர் பிரிவைத் தொடர்ந்து நடத்தச் சம்மதித்துவிட்டார். வரும் வியாழனுக்கு எல்லோரையும் வரச் சொல்லிவிட்டோம். மூட நினைப்பவர் அன்று நேரில் வந்து, காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

அன்பும் ஆத்திரமும் குறையாத,
ஸ்கேன் பிரிவு ஊழியர்கள்