நாலு மில்லிமீற்றர்

நிலாவெளி மணலை அள்ளிக்கொண்டு வந்தபடியே தண்டவாளத்துக்குப் போடக்கூடாது. நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, தேத்தண்ணி வடியால் அரிக்கவேண்டும். இல்லாவிட்டால் உப்பு ஈரத்தை இழுக்கும், தண்டவாளம் கறுத்துப்போகும், ரயில் விக்கி விக்கி ஓடும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், சேர், நான் அவசரக்காரன் இல்லை என்பது உங்களுக்கு விளங்கவேண்டும்.

நில அளவை அலுவலகத்தில் படம் வரைகிறவன் நான். ஓர்ஸ் ஹில் வீட்டில் முன்னறைக் கதிரைகளையெல்லாம் விறாந்தைக்குத் தள்ளிவிட்டு, அங்கே பலகை அடித்து, சீனக்குடாவில் இருந்து திருகோணமலை ஸ்ரேசன் வரைக்கும் கட்டினேன். சின்ன ரயில், சின்ன மேடை, சின்னக் கடல். எல்லாமே உண்மையை எண்பத்தேழில் ஒன்றாகக் குறைத்த அளவு. வீட்டுக்கு வருகிறவர்கள், "வீரசிங்கத்தாருக்கு இந்த வயசில விளையாட்டுச் சாமான்" என்று பகிடி பண்ணுவார்கள். அளவு பிழைத்தால்தான் அது விளையாட்டுச் சாமான். என் அளவு பிழைக்கவில்லை.

இதெல்லாம் தனியாகச் செய்தது. என் மனைவி நிரோஜினி தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள், வாசலில் கொஞ்சம் நின்று பார்ப்பாள், போய்விடுவாள். வா என்று நான் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருக்கலாமே என்று உங்கள் முகம் கேட்கிறது. பசை காயும் நேரத்தில் சேலைத் தலைப்புப் பட்டால் ஒரு மாத வேலை போய்விடும், சேர்.

கிருஷாந்தனை வயர் இழுக்கத்தான் கூப்பிட்டேன். கடைத்தெருவில் போன் திருத்துகிற பெடியன், முப்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். என்னை அண்ணை என்பான், அவளை அக்கா என்பான். கை நல்ல கை. ஆனால் ஒழுங்கு கிடையாது. தண்டவாளத்தில் கறண்ட் வருகிறதா என்று பார்க்க மீற்றர் வைக்கப் பஞ்சி, அவ்வளவு சோம்பல். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வைப்பான். "பன்னிரண்டு வோல்ற்தானே அண்ணை, எறும்பு கடிக்கிற மாதிரி" என்று சிரிப்பான். ரயில் கட்டுகிறவர்கள் பலரிடமும் இருக்கிற கெட்ட பழக்கம்தான் அது. நான் பலதரம் கண்டித்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேடையில் நிறுத்துகிற மனிதர்கள் வெறும் வெள்ளைப் பிளாஸ்ரிக்காகப் பைக்கற்றில் வருவார்கள். அரிசிக்குக் கைகால் முளைத்தது போல இருப்பார்கள். ஒரு ஞாயிறு அவன் குசினிப் பக்கம் திரும்பி, "அக்கா, உங்களுக்கு ஆடாத கையெல்லோ, இந்தச் சனத்துக்குக் கொஞ்சம் உடுப்புப் போட்டு விடுங்கோவன்" என்றான். நான் மூன்று வருடமாய்க் கேட்காததை வந்த மூன்றாம் கிழமையே அவன் கேட்டுவிட்டான். அவள் கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள்.

எனக்கு எரிந்தது. மறைக்க ஒன்றுமில்லை.

நன்றாகத்தான் தீட்டினாள். மீன் கூடைக்காரி, தொப்பி போட்ட முதலாளி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், பொட்டுக்கூட வைத்தாள். அவன் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, "ஐயோ அக்கா, இது எங்கட பூரணம் ரீச்சரெல்லோ" என்பான். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் அந்த வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை. கட்டின வீடு என்னுடையது, கட்டின ரயில் என்னுடையது, சிரிப்பு மட்டும் அவன் வந்த பிறகு வந்தது. அக்கா என்ற சொல்லுக்குப் பின்னால் என்னத்தையும் ஒளிக்கலாம், சேர். உங்கள் உத்தியோகத்தில் உங்களுக்குத் தெரியாததா?

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலால் வந்து பார்க்கிறேன், மேடையில் புதிதாக இரண்டு பேர். அரக்குச் சேலை கட்டிய பெண் ஒருத்தி, காலடியில் பெட்டி. அது நிரோஜினி. அந்தச் சேலை இன்னும் அலுமாரியில் இருக்கிறது. பக்கத்தில் பச்சைச் சட்டை போட்ட ஆண். தலை நிறையக் கறுத்த மயிர். என் தலையை நீங்களே பார்க்கிறீர்கள். போன ஞாயிறு கிருஷாந்தன் வந்தது பச்சைச் சட்டையில்.

அப்போதும் நான் ஆத்திரப்படவில்லை. அளவுகோலை எடுத்து அளந்தேன். இரண்டு பேருக்கும் இடையில் நாலு மில்லிமீற்றர். எண்பத்தேழால் பெருக்கினால் முப்பத்தைந்து சென்ரிமீற்றர், ஒரு முழம்கூட இல்லை. நாலு சனம் நிற்கிற ஸ்ரேசனில் புருசன் பெண்சாதிகூட அப்படி ஒட்டிக்கொண்டு நிற்கமாட்டார்கள். மற்றவர்கள் சந்தேகத்தில் வெந்து சாவார்கள். என்னிடம் கணக்கு இருந்தது.

சாவணத்தால் நுள்ளிப் பிடித்து அந்த ஆளைக் கிளப்பி மேடையின் மறுகோடியில், தண்ணீர்க் குழாயடியில் விட்டேன். அடுத்த நாள் அவன் திரும்ப அவளுக்குப் பக்கத்தில். திரும்பவும் எடுத்தேன். திரும்பவும் வந்தான். நானும் நிரோஜினியும் இதைப் பற்றி ஒரு கதையும் கதைக்கவில்லை. கடைசியில் அவள்தான் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு வாய் திறந்தாள்.

"இஞ்சருங்கோ, அந்த ஆளை இனி எடுக்காதேங்கோ. அவர் அங்கதான் நிக்கோணும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் முகம் சிவந்து, கண்ணை மேடைப் பக்கம் திருப்பினாள்.

"ஆரெண்டு தெரியேல்லையோ?" என்றாள்.

"தெரியும்" என்றேன்.

அவள் சந்தோசமாகக் குசினிக்குள் போனாள். என் வீட்டில், என் முகத்துக்கு நேரே, அவ்வளவு துணிவு. ஆரென்று நான் கேட்டிருக்கவேண்டும் என்கிறீர்கள். கேட்டால் அவள் பொய் சொல்லவேண்டி வந்திருக்கும். கட்டின பெண்சாதியை அந்த நிலைக்குத் தள்ளுவது மரியாதையில்லை.

ஞாயிறு அவள் அடுப்படியில் நின்றாள். மூன்று பேருக்குத் தேத்தண்ணி. நான் காலையிலேயே, கறண்டைப் பன்னிரண்டு வோல்ற்றாகக் குறைக்கிற கொன்ரோலரைக் கழற்றிவிட்டு, வீட்டுக் கறண்டை நேரே தண்டவாளத்துக்குக் கொடுத்திருந்தேன். சுவிச் மட்டும் போடவில்லை. "தம்பி, ஸ்ரேசனடியில் ரயில் நிற்குது, ஒருக்காப் பார்" என்றேன். அவன் வழக்கம் போல விரலை நாக்கில் தொட்டான். மீற்றர் பக்கத்தில்தான் கிடந்தது. அவன் எடுத்திருந்தால் நான் சுவிச்சைப் போட்டிருக்கமாட்டேன். அந்த வசதியை நான் அவனுக்குக் கொடுத்துத்தான் இருந்தேன்.

அவன் சத்தம் போடவில்லை. சுவிச்சை நிற்பாட்டியபோது கடலுக்கு மேலே விழுந்து கிடந்தான். கடலுக்கென்று நான் பசை ஊற்றி இறுகவைத்த தண்ணீர் கீறி வெடித்துவிட்டது, இரண்டு பெட்டி தடம் புரண்டிருந்தது. பெட்டிகளைத் தூக்கி வைத்து, சில்லுகளைத் தண்டவாளத்தில் பொருத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் நிரோஜினியைக் கூப்பிட்டேன். உடனே கூப்பிட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பான் என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். பெட்டிகள் சரிந்து கிடந்தால் அச்சு வளைந்துவிடும்.

ஓம், கிருஷாந்தனைக் கொன்றது நான்தான். கைதவறவில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் நீங்கள் இப்போது சொன்னதை மட்டும் எழுதவேண்டாம். நிரோஜினி அழுது அழுது உங்களிடம் சொன்னாளாம், கலியாணம் முடித்த வருடம் அவள் கொழும்பு வேலையை விட்டுவிட்டு இரவு மெயிலில் வந்து இறங்கிய காலையில், மேடையில் பச்சைச் சட்டையோடு காத்து நின்றது நான்தானாம். அப்போது எனக்குத் தலை நிறைய மயிராம். அந்த நாளைத்தான் எனக்குக் காட்டத் தீட்டினாளாம். மயிர் இருந்தது உண்மை. ஸ்ரேசனுக்குப் போனதும் உண்மையாக இருக்கலாம். சட்டை ஞாபகமில்லை. செத்தவனின் பெயர் கெடக்கூடாது என்று அவள் கட்டுகிற கதை இது. உங்களைப் போன்ற நல்ல மனிதர்கள் நம்பிவிடுவார்கள்.

நான் அளந்தவன், சேர். அது நானில்லை. நான் ஒருநாளும் அவளுக்கு அவ்வளவு கிட்ட நின்றதில்லை.