கிட்டுவுக்கு ஒரு நல்ல நாள்

அந்த மூலைல உக்காராதம்மா, ஆபரேஷனுக்கு வந்த ஏதோ பூனை மூத்திரம் அடிச்சு வச்சிருக்கு. எனக்கு இந்த நாத்தம் தூக்கத்துலகூடத் தெரியும். இந்த மராத்தி ஊர்ல போன்ல தமிழ்ல பேசினியே, அதான் கூப்பிட்டேன். நான் வனஜா, வீடு சாங்வில. கூடைக்குள்ள இருக்கிறவன் என் பூனை கிட்டு. உன்னுது பொண்ணா? குடுத்து வச்சவ.

இவன் செவுத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பான், வாலு லேசா நடுங்கும்... அவ்வளவுதான், பீச்சிடுவான். சோபா, கதவு, அரிசி மூட்டை, ஒண்ணையும் விடறதில்ல. போன வாரம் எங்க வீட்டுக்காரர் ஷூ. அவரும் பாக்காம மாட்டிக்கிட்டு ஆகுர்டிக்கு பாக்டரி பஸ்ல போயிட்டார். பக்கத்து சீட்டு கடைசிவரைக்கும் காலியாம். வந்து சொல்றார், இந்த வீட்ல ஒரு ஆம்பளைதான் இருக்கணும் வனஜான்னு. நாளைக்குக் காலைல தளேகாவ்லேர்ந்து அவர் சிநேகிதர் வரார், குடோன்ல எலி பிடிக்க இவனைத் தூக்கிட்டுப் போக. இன்னிக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகி இந்தப் பீச்சறது நின்னாதான் இவன் என்கூட இருப்பான். ராத்திரிலேர்ந்து பட்டினி, பாவம்.

எல்லாம் இந்த டாக்டரால வந்தது. ஆறு மாசத்துலயே கொண்டு வாங்கன்னார், சரி. கண்டிச்சுச் சொல்ல வேண்டாமா? அப்ப மார்கழி. அடுத்த தேதில சந்திராஷ்டமம்... ஏன் சிரிக்கற? பூனைக்கு நட்சத்திரம் கிடையாதா? வீட்டுக்கு வந்த அன்னிக்கு ரோகிணி, அதையே வச்சுக்கிட்டேன். திருச்சிலேர்ந்து கிழிக்கிற காலண்டர் வரவழைச்சுப் பாக்கறவ நான். அப்புறம் ஆடி. ஒரு நல்ல நாள் அமைஞ்சுது, டாக்டர் லீவு. இப்ப இவனுக்கு ரெண்டு வயசு. பழகிப்போனா அப்புறம் பண்ணினாலும் சிலது விடாதாம், இப்ப சொல்றார்.

சரி... நான்தான். நான்தான் தள்ளிப்போட்டேன். என் வீட்டுக்காரர் மாதிரியே பாக்காத.

என்னையா கூப்பிடறாங்க? மணி என்ன? பதினொன்னே முக்காலா... வெள்ளிக்கிழமை பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்மா. கால் மணி நேரம்தானே, நீ முன்னாடி போ. அட, போம்மா. நான் இருக்கேன்.

காய் ஜாலா, பாவு? என்ன ஆச்சு கம்பவுண்டர்? எதுக்குக் கதவைச் சாத்தறீங்க? இன்னிக்கு இந்தப் பொண்ணோட சரியா? பன்னெண்டுக்கு மேல ஆபரேஷன் கிடையாதா?

கிட்டு, அப்படிப் பாக்காதடா.

ஏம்மா... கதவைத் தொற. ஊசி போட்டாச்சா? இன்னும் இல்லையா? அப்ப ஒரு நிமிஷம் வெளில வா, கண்ணு. ராகு காலம் கிடக்கு, இவன் உள்ள போகட்டும். உன் பொண்ணுக்கு நான் காலண்டர் பாத்து நல்ல நாளாச் சொல்றேன்.