மைனஸ் ஒன்பதில் எண்ணெய் முழுக்கு

காற்றடித்து ஊதுகிற ஸ்பாவை, அதாவது முற்றத்துச் சுடுதண்ணீர்த் தொட்டியை, குளிர்காலத்தில் வைத்திருப்பவர்கள் முதலில் விடுகிற பிழை, அதை வெறும் கல்லில் வைப்பது. நிலம் அடியிலிருந்து சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தடித்த விரிப்பு ஒன்றைப் போட்டு அதற்கு மேல்தான் வைக்க வேண்டும். ஆள் இல்லாத நேரம் மூடியை இறுக்கிக் கொழுவிவிட வேண்டும். உறைபனி நாட்களில் மெஷினை நிற்பாட்டவே கூடாது, நிற்பாட்டினால் குழாய்க்குள் இருக்கிற தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். இதெல்லாம் நான் வாசித்துத் தெரிந்துகொண்டது. என் கணவர் எதையும் வாசிக்கமாட்டார். வாங்குவது அவர் வேலை, பார்ப்பது என் வேலை.

தமிழில் சொல்லலாம் என்றீர்கள், நன்றி. முதியோர் இல்லத்தில் இத்தனை காலம் வேலை செய்ததால் எனக்கு டேனிஷ் நன்றாகவே வரும். ஆனால் அது ஆட்களை எழுப்பி, உடுப்பு மாற்றி, மருந்து கொடுக்கிற டேனிஷ். என் வீட்டுக் கதையை அதில் சொல்லிப் பழக்கமில்லை.

அவரைக் கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். ஹேர்னிங்கில் சிறீஸ்கந்தராசா என்றால் தெரியாத தமிழர் இல்லை. கோயில் திருவிழா, சாமத்தியவீடு, செத்தவீடு எதுவென்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பவர். முழங்காலில் ஒப்பரேஷன் செய்த பிறகும் நொண்டி நொண்டிப் போய்க் கதிரை அடுக்கினவர். வெளியில் அவ்வளவு நல்ல பெயர் எடுப்பவர்களுக்கு வீட்டில் ஒருவர் எடுபிடியாக இருந்துதான் ஆக வேண்டும். அதில் எனக்குக் குறையும் இருக்கவில்லை.

சனிக்கிழமை என்றால் அவருக்கு எண்ணெய் முழுக்கு. உங்களுக்கு விளங்கச் சொல்வதானால், உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, ஊறவிட்டு, சுடுதண்ணீரில் தலைமுழுகுவது. எங்கள் குளியலறை நிற்க மட்டுமே காணும். முழங்கால் மடங்காத மனிதர் அதற்குள் நின்றுகொண்டு முழுகுவதெல்லாம் ஒரு முழுக்கா என்று அலுத்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் இந்த ஸ்பாவைப் பெட்டியோடு காரில் கொண்டுவந்து இறக்கினார்.

ஸ்பாவுக்குள் எண்ணெய் கூடவே கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. வாசித்துக் காட்டினேன்.

“எண்ணெய் வையாமல் தண்ணிக்குள்ளை இருக்க நானென்ன வாத்தோ?” என்றார்.

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய் வழிய வழிய இறங்குவார். வெளியே மைனஸ் ஐந்தோ ஆறோ இருக்கும். தண்ணீர் நாற்பது பாகையில் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். போனைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக்கொண்டு கனடாவில் இருக்கிற தமக்கைக்கு வீடியோ கோல் எடுப்பார். “பாத்தியோ அக்கா, சுத்திவரப் பனி, நடுவிலை தம்பி முழுகிறான்” என்பார். பக்கத்து வீட்டு ஸ்ரெபானி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கையசைப்பாள். ஞாயிற்றுக்கிழமை நான் வடிகட்டியைக் கழற்றி, அதில் பிடித்திருக்கிற மஞ்சள் களியை நகத்தால் சுரண்டி எடுப்பேன்.

வடிகட்டி ஒரு பிரச்சினை இல்லை, கழுவினால் போகும். உண்மையான பிரச்சினை ஏறுவதில் இருந்தது. காற்றடித்த சுவரில் கையை ஊன்றினால் அமுங்கும். எண்ணெய் பட்டிருந்தால் வழுக்கும். கால் நன்றாக உள்ளவர்கள் உருண்டாவது வெளியே வந்துவிடலாம், அவரால் முடியாது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் படியும் வெளியே ஒரு படியும் வைத்திருந்தோம். நான் அவருடைய இரண்டு கக்கத்துக்குள்ளும் கையைக் கொடுத்து, மூன்று எண்ணித் தூக்குவேன். வேலையில் எத்தனையோ கிழவர்களை அப்படித்தான் தூக்குகிறேன். பிரஷர் குளிசை எடுப்பவர் கன நேரம் சுடுதண்ணீரில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கணக்கும் என்னிடம்தான் இருந்தது. நேரம் பார்த்துப் போவேன், தூக்குவேன், துடைப்பேன், சாப்பாடு போடுவேன்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். துஷாரா எங்களுக்கு ஒரே பிள்ளை. இங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டிய எஸ்பியர்க்கில் இருக்கிற டெனிஸ்ரன் என்ற பெடியனைத் தானே பார்த்துக் கலியாணம் முடித்தாள். பெடியன் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன். அது வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணத்தை எங்கள் ஆட்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. “அவையள் வேறை ஆக்கள்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். என் கணவரும் அதோடு நிறுத்திக்கொண்டார். பிறகு ஒரே ஒரு வசனம் சொன்னார்.

“என்ரை உயிர் இருக்குமட்டும் அவள் இந்த வீட்டுப் படி மிதிக்கக் கூடாது.”

அவர் சொன்ன சொல்லில் நிற்பவர், எல்லோருக்கும் தெரியும். அந்த வசனத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு தவணை இருந்தது. அந்தத் தவணையை வைத்தவர் அவர், நான் அல்ல.

பேத்தி பிறந்தாள். அவளை நான் நெடுஞ்சாலைக் கரையில் இருக்கிற பெற்றோல் கடையில் வைத்துத்தான் பார்ப்பேன். கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு போவேன். மகள் காரிலிருந்து இறங்கிய உடனே, “அப்பா எப்பிடி இருக்கிறார்? முழங்கால் நோ குறைஞ்சிட்டுதோ?” என்று கேட்பாள். நான் பதில் சொல்வேன். பேத்தி என்னைக் கண்டால் அழும், ஆள் பழக்கமில்லை. கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று அந்நியப் பிள்ளையைக் கொஞ்சுவதுபோல் என் பேத்தியைக் கொஞ்சிவிட்டு வருவேன். வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி அழுவதும் உண்டு. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். என் மகள் என் வீட்டுக் கதவால் உள்ளே வர வேண்டும். எந்தத் தாய்க்கும் அது பெரிய ஆசை இல்லை.

அந்தச் சனிக்கிழமை பாடசாலை விடுமுறை வாரத்தில் வந்தது. ஸ்ரெபானி குடும்பத்தோடு பனிச்சறுக்கப் போயிருந்தாள். மைனஸ் ஒன்பது. மறுநாள் பேத்திக்குப் பிறந்தநாள். எண்ணெய் தேய்க்கும்போது கேட்டேன்.

“நாளைக்குக் குஞ்சுக்குப் பிறந்தநாள். ஒருக்கால் வரச் சொல்லட்டோ?”

“முதுகிலை வடிவாத் தேய்” என்றார்.

வடிவாகத்தான் தேய்த்தேன். கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். உள்ளே இருந்த படி எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது, கழுவுவோம் என்று எடுத்தேன். வெளிப்படியில் ஐஸ் பிடித்திருந்தது, அதையும் உருக்குவோம் என்று எடுத்தேன். இரண்டையும் குசினிக்குள் கொண்டுவந்து வைத்தேன். கதவைத் திறந்துவைத்தால் வீட்டுச் சூடு போய்விடும், சாத்தினேன். பிறகு கோழிக்கறி வைக்கத் தொடங்கினேன். முழுகிவிட்டு வந்தால் அவருக்கு உடனே கோழிக்கறியும் இரசமும் வேண்டும்.

இதில் எந்த ஒன்றைத் தனியாக எடுத்தாலும் வழக்கமாகச் செய்கிற வேலைதான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கண்ணாடிக் கதவு தடிப்பு, அடுப்புக்கு மேலே காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, அதனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று முதல்நாள் வந்த உங்கள் பொலிஸ் ஆட்களிடம் சொன்னேன். அது சரியல்ல. வெங்காயம் வதங்கும் மணம் போவதற்குக் குசினி யன்னலைச் சற்றே திறந்துவைத்திருந்தேன். எல்லாம் கேட்டது, எல்லாம் தெரிந்தது.

முதலில், “எங்கை போயிட்டாய்? வா இஞ்சை” என்றார். பிறகு, “உள்ளுக்கை என்ன புடுங்கிறாய்?” என்றார். அதன் பிறகு எழும்பப் பார்த்தார். உடம்பெல்லாம் ஆவி பறந்தது, இறக்கிவைத்த புட்டுப்பானை மாதிரி. குளிர் அடித்ததும் மறுபடி தண்ணீருக்குள் இருந்துவிட்டார். சுவரில் கையை ஊன்றினார், வழுக்கியது. திரும்பவும் எழும்பினார், திரும்பவும் இருந்தார். மேலே மைனஸ் ஒன்பது, கீழே நாற்பது. அப்படி மாறி மாறிப் பட்டால் அந்த வயதுக்காரரின் இதயத்துக்கு என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், அதற்கு நாங்கள் வகுப்புக்கே போயிருக்கிறோம்.

“தங்கம், தலை சுத்துது. கொஞ்சம் வாவன்” என்றார். தங்கமலர் என்ற என் பெயரை அவர் அப்படிச் சுருக்கிக் கூப்பிட்டுக் கன காலம்.

அவரிடம் போன் இருந்ததே, அவசர எண்ணை அடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் அடிக்கமாட்டார். எண்ணெய் வழிய, ஈரச் சாறத்தோடு, இரண்டு டேனிஷ் பெடியங்கள் தன்னைத் தூக்கி எடுப்பதை அவரால் தாங்க முடியாது. ஊர் முழுக்கக் கதை போய்விடும். அதுவும் எனக்குத் தெரியும். ஒரு மனிதரோடு இவ்வளவு காலம் இருந்தால் இதெல்லாம் தெரியாமல் இருக்குமா?

கறியை இறக்கிவிட்டுப் பார்த்தபோது தலை தெரியவில்லை. உடனே போனேன். அம்புலன்சுக்கு அடித்தேன். அவர்கள் வரும்வரை தண்ணீருக்குள் இறங்கி, அவருடைய தலையை என் தோளில் சாய்த்து வைத்திருந்தேன். எல்லாம் முறையாகச் செய்திருக்கிறீர்கள் என்று அம்புலன்ஸ்காரரே சொன்னார்.

அவரைக் கொண்டுபோகும் நேரத்தில் மகளின் கார் வந்து நின்றது. டெனிஸ்ரனும் வந்திருந்தான். துஷாரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுப் படியேறினாள். பேத்தி சோபாவில் படுத்து நித்திரையாகிவிட்டாள். நான் போர்வை எடுத்துப் போர்த்திவிட்டேன். அன்று அந்தப் பிள்ளை என்னைக் கண்டு அழவில்லை. செத்தவீட்டில் இப்படிச் சொல்லக் கூடாது, ஆனால் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

எஸ்பியர்க்கிலிருந்து மகள் எப்படி அவ்வளவு கெதியாக வந்தாள் என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள். அவளும் எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடியும்வரை ஒரு சொல் பேசாமல் இருந்து, மறுநாள் உங்களிடம் வந்திருக்கிறாள். தகப்பனுக்குச் செய்ய வேண்டிய கடமையைக் குறையில்லாமல் முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். நான் வளர்த்த பிள்ளை. அவள் உங்களிடம் சொன்னது சரி.

கறி கொதித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. முதலில் அவர் இரண்டு தரம் அடித்தபோது நான் தொடவில்லை. இது துஷாரா. எடுத்தேன்.

“அம்மா, அப்பா என்னோடை கதைச்சவர். எங்களை வரட்டாம். நாளைக்கு இல்லையாம், இப்பவே வரட்டாம். டெனிஸ்ரனையும் கூட்டிக்கொண்டு வரட்டாம்.”

அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். நான் அவளைப் பார்க்க எத்தனை தரம் போயிருப்பேன், எத்தனை பெட்டி இடியப்பம் கொண்டுபோயிருப்பேன். ஒருநாளும் அவள் என்னிடம் அப்படிச் சிரித்ததில்லை. அவர் செய்தது ஒரு போன்கோல்.

“ஸ்பாவிலை இருந்து ஏற ஏலாமல் இருக்காம் அம்மா. கூப்பிட உங்களுக்குக் கேக்கேல்லையாம். கெதியாப் போய்ப் பாருங்கோ” என்றாள்.

யன்னலால் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பொலித்தீன் பையோடு போனை உயர்த்திக் காட்டி, சொல்லிவிட்டேன் என்பதுபோல் தலையை ஆட்டினார். முகத்தில் கோபம் இல்லை. யன்னலுக்கும் அவருக்கும் இடையில் கூப்பிடு தூரம்கூட இல்லை.

“ஓம் பிள்ளை, இப்பதான் ஏத்திவிட்டனான். இருந்து சாப்பிடுறார். நீங்கள் ஆறுதலா வாங்கோ” என்று சொல்லிவிட்டு யன்னலைச் சாத்தினேன்.

அப்படிச் சொன்னதும் மகளுக்காகத்தான். வீதி முழுக்க ஐஸ். பின் சீற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் பதறிப் பதறிக் கார் ஓட்டக் கூடாதல்லவா.