திறப்பவர் கொலைகாரர்

சத்தம் எனக்கு ஆகாது. வீட்டில் குக்கர் விசிலடித்தாலே வாசலுக்கு வந்துவிடுவேன். ஆய்வகத்தில் அலாரத்தின் வயரைப் பிடுங்கியதும் அந்தக் குணத்தால்தான் ஐயா.

நான் ஆராய்வது ஒரு பாக்டீரியாவின் நொதியை. அதற்குள் எலக்ட்ரான் ஒரு இரும்புத் திட்டிலிருந்து அடுத்த திட்டுக்குத் தாவும். நடுவே உள்ள ஒரு அமினோ அமிலம்தான் அதற்குப் படிக்கல் என்பது என் கட்சி. அதைச் சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. ஒரு சோதனையாவது என் பக்கம் பேசியதா? எரிச்சலில் வீட்டிலும் எல்லோர் மீதும் எரிந்து விழுவேன்.

குருவி பக்கத்து மேசைக்காரி. எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்தவள். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். என் மனைவி கையால் சாப்பிடாத வாரம் கிடையாது. குருவி அந்தப் படிக்கல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்து நொதியைத் தயாரித்தாள்.

"படிக்கல்லும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்லண்ணா. புரதம் மடிஞ்சிருக்கிற விதம் ரெண்டு திட்டையும் கிட்டக்கிட்டப் பிடிச்சு வச்சிருக்கு. அந்த இடைவெளிதான் எல்லாம். இன்னைக்கு அளந்து காட்டுறேன் பாருங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காற்றுப் பட்டால் அந்த நொதி செத்துவிடும். அதனால் கதவை மூடிவிட்டு அளக்கும் அறை முழுக்க நைட்ரஜன் நிரப்புவோம். உள்ளே போகிறவர் முகமூடி மாட்டி, குழாய் வழியே வரும் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். குழாய் கழன்றால் வெளியே அலாரம் அடிக்கும். அன்றைக்கு அந்தக் குழாயின் இணைப்பு தளர்ந்திருந்தது எனக்குத் தெரியும். கதவில் அவளே எழுதி ஒட்டியிருந்தாள்: "அளவீடு நடக்கிறது. திறப்பவர் கொலைகாரர்." எங்களுக்குள் அது பழைய கிண்டல்.

அவள் உள்ளே போனதும் வயரைப் பிடுங்கினேன். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தடுமாறினாள். கதவுப் பக்கம் வந்து கண்ணாடியில் ஒருமுறை தட்டினாள், சரிந்தாள். என் கை கைப்பிடியில்தான் இருந்தது. கருவியின் திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை நின்றேன்.

அவள் சொன்னதுதான் சரி. படிக்கல் இல்லாமலே எலக்ட்ரான் அதே வேகத்தில் தாவியிருந்தது.

பொறாமையில் கொன்றேன் என்கிறீர்கள். இது நியாயமா ஐயா? கதவைத் திறந்திருந்தால் காற்றுப் புகுந்து அவளுடைய நொதி அங்கேயே செத்திருக்கும், என் கட்சி பிழைத்திருக்கும். பொறாமைக்காரனாக இருந்தால் திறந்திருப்பேனே.